நாலாம் படி நனைந்திருந்தது

மதுரையில் குளிர்காலம் உண்டு என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மார்கழி பிறந்துவிட்டால் கோரிப்பாளையத்தில் பாதிப் பேர் காதை மூடிக்கொண்டுதான் பால் வாங்கப் போவார்கள். என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) இன்னும் ஒரு படி மேல். குரங்குக் குல்லாவை மாட்டி, அதன்மேல் மஃப்ளரைச் சுற்றி, ஸ்வெட்டருக்குள் இரண்டு பனியன் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுவார். பார்த்தால் பனிமலைக்குப் புறப்பட்டவர் மாதிரி இருக்கும். போவதென்னவோ பத்து நிமிஷத்தில் வந்துவிடும் கண்மாய்க்கரைக்கு. அதுவும் நடப்பதற்கு.

அத்தாவுக்கு நடக்கப் பிடிக்காது. அவரும் அவருடைய அண்ணன் பெரியத்தாவும் சேர்ந்து நடத்தியது செருப்புக் கடை. ஊரில் எல்லோரும் நடக்க வேண்டும், தான் மட்டும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவருடைய வியாபாரக் கொள்கை. ஆனால் அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் பெரியத்தா ஒருநாள் மத்தியானம் கல்லாவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி. தினமும் விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்துவந்த மனுஷர். அவருக்கே அப்படி என்றால் நடக்காத இவருக்கு என்ன ஆகுமோ என்று என் அம்மா பயந்துவிட்டார். "நாளையிலேர்ந்து நீங்க நடக்கணும். மூணு ரவுண்டு" என்று உத்தரவு போட்டார். உத்தரவு ஒழுங்காக நிறைவேறுகிறதா என்று பார்க்க, ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என்னையும் ஸ்கூட்டரின் பின்னால் ஏற்றி அனுப்பினார். திருடனுக்குக் காவல் வைத்த ஆளே கூட்டாளி ஆகிவிடுவான் என்பது பாவம் அம்மாவுக்குத் தெரியவில்லை.

கரை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அத்தாவைக் கண்டதும் கடைக்காரர், "அண்ணே, வாங்கண்ணே, வடை இப்பத்தான் இறங்குச்சு" என்பார். அதற்குமேல் நடக்க எந்த மனுஷனுக்கு மனசு வரும்? அத்தா பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். என் கையில் ஒரு உளுந்த வடையை வைத்து, "ஒரு ரவுண்டு போனாலும் மூணு ரவுண்டு போனாலும் கண்மாய் அங்கனதானே கெடக்கப்போகுது? நீ போய்ப் பாத்துட்டு வாத்தா" என்று அனுப்பிவிடுவார். இப்படித்தான் அவருக்கு அம்மா சொன்ன நடையை நான் நடந்தேன்.

எனக்கும் கண்மாயில் ஒரு வேலை இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

பெரியத்தா மௌத்தான நாளிலிருந்து பெரியம்மா, நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்த வீட்டில் ஓர் அறைக்குள் இத்தா இருந்தார். எங்களில் புருஷனைப் பறிகொடுத்தவர்கள் நாலு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருக்க வேண்டும். வெளி ஆண்கள் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது. கொழுந்தனும் அந்தக் கணக்கில்தான் வருவார் என்பதால் அத்தாகூட அந்த அறைப்பக்கம் போவதில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அம்மாவை அனுப்புவார். அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் ஒரு கிளை மட்டும் தெரியும். அந்த அறைக்குள் இஷ்டத்துக்கு நுழையவும், கண்மாய்க்குப் போய்வரவும் முடிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். அதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் திரும்பி வந்து செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றியிருக்க மாட்டேன், உள்ளிருந்து குரல் வரும்.

"எத்தனாவது படி?"

கண்மாயின் மடைப்பக்கம் கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் பத்துக் கற்படிகள் இருந்தன. தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று மேலிருந்து எண்ணுவதுதான் பெரியத்தாவின் வழக்கம். அதை வைத்து அவருக்கும் பெரியம்மாவுக்கும் வருஷாவருஷம் ஒரு பந்தயம் நடக்கும். பங்குனி முதல் நாள் காலையில் நாலாம் படி நனைந்திருக்க வேண்டும். நனைந்திருந்தால் பெரியத்தா ஜெயித்தார், காய்ந்திருந்தால் பெரியம்மா. தோற்றவர் ஏழு நாள் விடியற்காலையில் எழுந்து டீ போட்டு ஜெயித்தவர் கையில் கொடுக்க வேண்டும். "பந்தயம் கட்டுறது ஹராம்" என்று அம்மா முணுமுணுப்பார். "காசா வச்சோம்? டீதானேம்மா" என்று பெரியத்தா சிரிப்பார். நம் ஊர்க் கண்மாயில் பங்குனிவரை நாலாம் படியில் தண்ணீர் நிற்பதாவது! ஒவ்வொரு வருஷமும் பெரியத்தாதான் தோற்பார். பங்குனி முதல் வாரம் முழுக்க அவர் போட்ட டீயைப் பெரியம்மா குடிப்பார். தேத்தூளைக் கொட்டிக் கொதிக்கவைத்த கஷாயம் அது. பெரியம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடிப்பார்.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. அவர்கள் இருவரும் சேர்ந்து நடந்த கடைசிக் காலையில் தண்ணீர் முதல் படியைத் தொட்டுவிட்டதாம். பெரியத்தாவுக்குத் தலைகால் புரியவில்லையாம். அன்று அவர்கள் பேசிக்கொண்டதைப் பெரியம்மா என்னிடம் அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறார்.

"பாரேன், இந்த வருஷம் எனக்குத்தான். பங்குனி வரைக்கும் நிக்கும்."

"க்கும். நிக்கும், நிக்கும். மாசியிலயே உள்ள மாடு மேயும், போங்க."

அப்படிச் சொன்ன பெரியம்மாதான் இப்போது அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் வற்றிவிடக் கூடாதே என்று தவித்தார். ஒருநாள் அம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டேன். "வருஷா வருஷம் நாந்தான் ஜெயிச்சேன். ஒரு தடவையாச்சும் அவுக ஜெயிச்சிட்டுப் போயிருக்கலாம்." அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. பெரியத்தா ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதானே, பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மார்கழியில் ஒன்றும் கஷ்டமில்லை. கரையில் பனி இறங்கி எதிர்க்கரையே தெரியாது. தண்ணீரின்மேல் புகை மாதிரி எழும்பும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் மிதக்கும். பனிக்குள் அவற்றின் பொட்டு மட்டும்தான் தெரியும். எங்கோ கோயில் ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும். நான் குனிந்து படியை எண்ணுவேன். இரண்டு. அப்புறம் மூன்று. வீட்டில் போய் ஒன்றுவிடாமல் சொல்வேன். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கரையில அந்தப் புங்க மரம்?", "நாரை வந்துச்சா?", "தண்ணி என்ன நெறம்?" என்று கேள்விமேல் கேள்வி. ஸ்கூல் டீச்சர்கூட என்னை அவ்வளவு கேட்டதில்லை.

தைப் பொங்கல் கழிந்தபோது தண்ணீர் சரியாக நாலாம் படியில் நின்றது. வெயில் ஏறினால் சுள்ளென்று உறைக்கத் தொடங்கியது. அடுத்த வாரம் ஒருநாள் போய்ப் பார்த்தால் நாலாம் படி காய்ந்து வெளுத்திருந்தது. நான் வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"அஞ்சுக்கு இறங்கிருச்சு, பெரியம்மா."

"அதுக்குள்ளயா?" என்றார். அவ்வளவுதான். வேறு எதையும் கேட்கவில்லை. புங்க மரத்தைக் கேட்கவில்லை, நாரையைக் கேட்கவில்லை. அன்று அம்மா வைத்த இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அதே கதை. சுகர் இருக்கிற உடம்பு, சாப்பிடாமல் கிடந்தால் என்ன ஆகும் என்று அம்மா தவியாய்த் தவித்தார். எல்லாம் என் வாயால் வந்த வினை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரிலிருந்து குதித்ததும் நேராக அறைக்கு ஓடினேன். "பெரியம்மா, நேத்து நான் தப்பா எண்ணிட்டேன். நாலுதான். நாலாவது படி நல்லா நனைஞ்சு நிக்குது."

பெரியம்மா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "நல்லாப் பாத்தியா?" என்று கேட்டார்.

"அல்லா சத்தியமா" என்று சொல்லவந்து, அதில் ஆபத்து இருப்பதை உணர்ந்து, "காலைவச்சே பாத்தேன்" என்றேன்.

அன்று நாலு இட்லி சாப்பிட்டார். எனக்கும் ஒரு வாய் ஊட்டினார். பொய் சொன்னால் வாய் அழுகிவிடும் என்று மதரஸாவில் சொல்லியிருந்தார்கள். அந்த இட்லி அப்படி இனித்தது.

அதிலிருந்து ஒரு மாதத்துக்குமேல் தண்ணீரை நாலாம் படியிலேயே பிடித்து வைத்திருந்தேன். வெளியே அது ஆறுக்கும் ஏழுக்கும் போய்க்கொண்டிருந்தது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த மாசியில் விடியற்காலைப் பனி துளைக்கத்தான் செய்தது. ஆனால் ஏழு மணிக்கெல்லாம் வெயில் வந்து அதைத் துடைத்து எடுத்துவிடும். காற்று திரும்பிவிட்டது. புங்க மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. ஒருநாள் அத்தா குல்லாவைக் கழற்றிப் பாக்கெட்டில் வைத்தார். இன்னொரு நாள் மஃப்ளரை இடுப்பில் கட்டினார். எங்கள் ஊரில் குளிர்காலம் முடிந்தது என்பதற்கு அதைவிடப் பெரிய அறிவிப்பு கிடையாது.

ஸ்கூட்டரில் இரண்டு பொய்யர்கள் தினமும் வீடு திரும்பினோம். வாசலில் அம்மா, "எத்தனை ரவுண்டு?" என்பார். "மூணு" என்பார் அத்தா, வடை எண்ணெய் இன்னும் மீசையில் இருக்க. உள்ளிருந்து பெரியம்மா, "எத்தனாவது படி?" என்பார். "நாலு" என்பேன் நான்.

மாசி நடுவில் எங்கள் தெருவுக்குக் கூடையில் மீன் வரத் தொடங்கியது. கெண்டை, கெளுத்தி, விரால். எங்கள் கண்மாயிலும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்களிலும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக இறங்கி மீன் பிடிக்கிற சமயம் அது. அம்மா மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு கிலோ வாங்கி, புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தார். பெரியம்மாதான் பக்கத்தில் உட்கார்த்தி எனக்கு முள் எடுத்துக் கொடுத்தார்.

"கண்மாய் மீனு. முள்ளு அம்புட்டும் பொடி முள்ளு. பாத்துத் தின்னு." கொஞ்சம் பொறுத்து, "ஏன்டி, நாலாம் படி வரைக்கும் நிக்கிற தண்ணிக்குள்ள இதை எப்படித்தான் பிடிச்சாகளோ?" என்று கேட்டார்.

"பெரிய வலை, பெரியம்மா" என்றேன், விரலை நக்கிக்கொண்டே. "இம்புட்டுப் பெருசு."

"ம்ம்" என்றார் பெரியம்மா. இன்னொரு துண்டு எடுத்து வைத்தார்.

எனக்கு ஒரே கவலை, இத்தா முடிந்து பெரியம்மா வெளியே வரும் நாள். ஆனால் அதற்கும் திட்டம் வைத்திருந்தேன். கடையிலிருந்து வந்த தினசரிக் காலண்டரில் நாலு மாதமும் பத்து நாளும் எண்ணிப் பார்த்திருந்தேன். பங்குனி பிறந்து மூன்றாவது நாள்தான் முடிகிறது. அப்பாடா! பங்குனி முதல் நாள் பெரியம்மா அறைக்குள்தான் இருப்பார். நான் ஓடிவந்து, "நனைஞ்சிருக்கு, பெரியத்தா ஜெயிச்சிட்டாரு!" என்று கத்திவிடுவேன். மறுநாள், "மடையைத் தொறந்துட்டாங்க பெரியம்மா, தண்ணியெல்லாம் வயலுக்குப் போயிருச்சு" என்று சோகமாகச் சொல்லுவேன். அதற்கடுத்த நாள் அவர் போய் வற்றின கண்மாயைப் பார்த்தாலும் ஒரு கேள்வி வராது. என் மூளையை நினைத்து எனக்கே பிரமிப்பாக இருந்தது.

பங்குனி முதல் நாள் விடிந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், பெரியம்மா குளித்து, புர்கா போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார்!

"எங்க போறீங்க?" என்றேன்.

"கண்மாய்க்குத்தான். நீயும் வா, கெளம்பு."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கே!"

அம்மா சிரித்தார். "போடி பைத்தியம். இத்தாவைக் காலண்டர் பாத்தா எண்ணுவாக? பிறைக் கணக்குல நேத்தோட முடிஞ்சுபோச்சு."

பிறைக் கணக்கு! நோன்புக்கும் பெருநாளைக்கும் மொட்டைமாடி ஏறி ஏறிப் பிறை பார்க்கிற வீட்டில் பிறந்துவிட்டு, இதை மட்டும் செருப்புக் கடைக் காலண்டரில் எண்ணியிருக்கிறேன். நாலு பிறையில் இரண்டு நாள் என் கையிலிருந்து நழுவிப் போயிருந்தது. காய்ச்சல் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பெரியம்மா அதற்குள் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டார்.

ஆட்டோவில் பெரியம்மா, அம்மா, நடுவில் நான். அத்தா ஸ்கூட்டரில் முன்னால் போனார். பெரியம்மா வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நாலு மாதத்தில் அடைத்த கடை எது, திறந்த கடை எது என்று ஒன்றையும் கேட்கவில்லை. நான் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி, யா அல்லா, இப்போதே ஒரு மழை, ஒரே ஒரு மழை என்று கேட்டுக்கொண்டே வந்தேன். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆட்டோ நின்றதும் நான் குதித்து ஓடினேன். ஏன் ஓடினேன் என்று ஓடும்வரை எனக்கே தெரியாது. மடைப் படியில் தடதடவென்று இறங்கி, ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, நாலாம் படியில் பாட்டிலைக் கவிழ்த்தேன். கல் உறிஞ்சியது. மீதியையும் ஊற்றிக் கையால் மூலைவரை தேய்த்துவிட்டேன். நிமிர்ந்தபோது பெரியம்மா கரைமேல் நின்றுகொண்டிருந்தார்.

அவர் பார்த்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். கண்மாய் முழுக்க வெடித்த மண். நடுவில் ஒரு குட்டை, அதில் இரண்டு கொக்கு. நாமக்கோழி ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் மாடு மேய்ந்தது. இன்னொரு பக்கம் பையன்கள் கண்மாய்க்குள்ளே ஸ்டம்பு ஊன்றிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். புங்க மரம் மட்டும் பளபளவென்று புதுத் தளிர் விட்டிருந்தது. இத்தனைக்கும் நடுவில் காலிப் பாட்டிலோடு நான்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நாலாம் படி நனைஞ்சுதான் இருக்கு பெரியம்மா. வேணும்னா தொட்டுப் பாருங்க."

அடி விழும் என்று நினைத்தேன். பெரியம்மா மெதுவாக இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாக. என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உள்ளங்கையை விரித்து அந்த ஈரத்தின்மேல் வைத்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

நாலு மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு எப்போது அழுகை ஆனதென்று எனக்குத் தெரியவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். மூச்சு முட்டியது.

"ஜெயிச்சிட்டீக" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "ஜெயிச்சிட்டீக, போங்க."

"என்னக்கா அங்க?" என்று மேலிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. படி நனைஞ்சிருக்கு" என்றார் பெரியம்மா.

நான் தப்பித்தேன். அதைவிட, பெரியம்மாவை ஏமாற்றிவிட்டேன் என்றே நம்பினேன். பெரியவர்களை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது. தின்ற மீன் குழம்பு என் ஞாபகத்துக்கு வரவேயில்லை. கண்மாய் வற்றினால்தான் கூடை கூடையாக மீன் வரும் என்பது இந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் தெரிந்த விஷயம். வாய் நிறைய மீனோடு, பெரிய வலை என்று நான் அளந்ததை அவர் எப்படித்தான் சிரிக்காமல் கேட்டாரோ.

மறுநாள் விடியற்காலை அடுப்படியில் வெளிச்சம் தெரிந்து எழுந்துபோனேன். பெரியம்மா டீ போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கிளாஸ். ஒன்றில் சர்க்கரை இல்லை, அது அவருக்கு. இன்னொன்றில் இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினார். இரண்டையும் எடுத்துப்போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். வேப்பங்கிளையில் செம்புநிறத் துளிர் வந்திருந்தது. தன்னுடையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடித்துவிட்டு, வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, சர்க்கரை போட்ட கிளாஸை நீட்டினார்.

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு டீ கிடையாது. குடித்தால் கறுத்துப்போவோமாம். ஆகவே எனக்குத் தலைகால் புரியவில்லை. பந்தயத்தில் ஜெயிக்கவைத்ததற்கு எனக்குக் கிடைத்த பங்கு இது என்று எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு குறை. டீ ஆறிப்போய், மேலே ஆடை படிந்திருந்தது.

"சூடாத் தந்தா என்ன பெரியம்மா?" என்றேன்.

"நாளைக்குச் சூடாத் தாரேன்" என்றார்.

மறுநாளும் ஆறித்தான் இருந்தது. அதற்கு மறுநாளும். ஏழு நாளும் நான் எழுந்து அந்த ஜன்னலோரம் போய்க் காத்திருந்தேன். ஏழு நாளும் இரண்டாவது கிளாஸிலிருந்து ஆவி அடங்குகிறவரை பெரியம்மா அதை என்னிடம் தரவில்லை. எட்டாம் நாள் டீயே இல்லை, வழக்கம்போலப் பால். நான் அழுது ரகளை செய்தேன். என்னிடம் என்ன கோபம், ஏன் ஒருநாள்கூட எனக்குச் சூடாகத் தரவில்லை என்று கேட்டேன். முதல் ஆளாக அந்த டீயை யாருக்கு நீட்டினீர்கள் என்று கேட்கத்தான் எனக்குத் தெரியவில்லை.